வருமான வரித்துறைக் கடிதங்கள்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா மாவட்டங்களில் ஓய்வூதியர், நிலம் வைத்திருப்பவர், வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்தைப் பெறுபவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பார்கள். முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்தவருக்கு அப்பா வழியில் வந்த ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலம் இருக்கும். மகன் சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புவார். ஓய்வுபெற்றபோது வந்த தொகை வங்கியில் வைப்பாக இருக்கும். அத்தனையும் ஒரே பான் எண்ணின் கீழ் வந்து சேர்வதால், கடிதம் வரும்போது எந்தப் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதே அவருக்குப் புரிவதில்லை. கும்பகோணத்தில் வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கும் மேசையில் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டு வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறினாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானம் தொடர்பாக வரும் கடிதங்களில் பழைய எண்களையே பார்ப்பீர்கள்.

கவரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தொகையைப் பார்க்காதீர்கள், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பான் எண் உங்களுடையதுதானா, எந்த ஆண்டைப் பற்றியது, எந்தப் பிரிவின் கீழ் அனுப்பப்பட்டது, எந்தத் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு விஷயத்தில்தான் மிகுதியான பேர் தடுமாறுகிறார்கள். கடிதத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்று இருந்தால், அது 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை வந்த வருமானத்தைக் குறிக்கும். ஓராண்டு தள்ளிப் பார்த்துவிட்டு, "அந்த வருஷம் நான் நிலமே விற்கவில்லையே" என்று பதில் எழுதியவர்கள் உண்டு.

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், மஞ்சள் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே செருகி வைத்திருந்த ஒரு நீளக் கவரை எடுத்து நீட்டினார். ஓரம் கூடக் கிழிக்கப்படவில்லை. மார்கழியில் வந்த கடிதம். அவர் கொண்டுவந்தது பங்குனியில். பிரித்துப் பார்த்தால், அவருக்கு 4,120 ரூபாய் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும், வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாததால் அனுப்ப முடியவில்லை என்றும் எழுதியிருந்தது. மூன்று மாதம் அவர் தூக்கம் கெட்டது அவருக்கு வர வேண்டிய பணத்துக்காக!

இது உண்மையிலேயே வரித்துறை அனுப்பியதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறை அனுப்பும் ஒவ்வொரு நோட்டீஸிலும் உத்தரவிலும் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும். சுருக்கமாக அதை 'டின்' என்பார்கள். துறையின் இணையதளமான இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் முகப்பிலேயே, நோட்டீஸின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. உள்நுழைய வேண்டிய அவசியம் கூட இல்லை. அந்த எண்ணைப் பதிந்தால், துறை அப்படியொரு கடிதத்தை அனுப்பியதா இல்லையா என்று காட்டிவிடும்.

மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்திருந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம். நீங்களே இணையதள முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே சென்று, நிலுவை நடவடிக்கைகள் என்ற பகுதியைப் பாருங்கள். பதில் கேட்கும் நோட்டீஸாக இருந்தால் அங்கே அதன் நகல் கட்டாயம் இருக்கும். "ரீஃபண்ட் வந்திருக்கிறது, கார்டு எண்ணைக் கொடுங்கள்" என்பதும், ஓடிபி கேட்பதும், "இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கைது" என்பதும் மோசடிக்காரர்களின் பேச்சு. வரித்துறை உங்கள் ஏடிஎம் பின் எண்ணை ஒருபோதும் கேட்பதில்லை.

மின்னஞ்சலில் வந்த கோப்பு கடவுச்சொல் கேட்கிறது. அது என்ன?

பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க மையம் அனுப்பும் அறிவிப்புக் கோப்பு பூட்டியே வரும். உங்கள் பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் தட்டி, இடைவெளி விடாமல், பிறந்த நாளை எட்டு இலக்கங்களாகச் சேர்த்தால் திறக்கும். 1958 ஜூன் 5 பிறந்த நாள் என்றால் கடைசி எட்டு இலக்கம் 05061958. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் வீட்டில் கொண்டாடுவது வேறு தேதியுமாக இருப்பவர்கள், பான் அட்டையில் உள்ள தேதியைத்தான் தட்ட வேண்டும்.

143(1) என்று போட்டிருக்கிறது. இது நோட்டீஸா?

இது ஓர் அறிவிப்பு. நீங்கள் தாக்கல் செய்த கணக்கைக் கணினி சரிபார்த்ததன் முடிவு இது; கணக்குத் தாக்கல் செய்த அனைவருக்கும் வருவது; யாரும் உங்களைச் சந்தேகித்து அனுப்பியதில்லை. கணக்குத் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் இதை அனுப்ப வேண்டும். 2025 ஜூலையில் தாக்கல் செய்தவருக்கு 2026 டிசம்பர் இறுதி வரை வரலாம் என்பதால், ஓராண்டு கழித்து வருகிறதே என்று பதற வேண்டாம்.

உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் நீங்கள் கொடுத்த எண்கள். வலப்பக்கம் துறை கணக்கிட்ட எண்கள். ஒரு அடிக்கோலை வைத்து வரிவரியாக இறங்கி வாருங்கள். எந்த வரியில் இரண்டு எண்களும் முதன்முதலாக வேறுபடுகின்றனவோ, அங்கேதான் சங்கதி இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வேறுபாடுகள் எல்லாம் அதன் பிள்ளைகள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அழுபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

டெல்டாவில் அதிகம் பார்க்கும் வேறுபாடுகள் மூன்று. முதலாவது, சம்பள நிலுவை. ஊதிய நிலுவைத் தொகை மொத்தமாக வந்த ஆண்டில், பிரிவு 89இன் கீழ் நிவாரணம் கோரிய ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் படிவம் 10இ-யை இணையத்தில் தனியாகத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் போதாது. படிவம் இல்லாவிட்டால் கணினி அந்த நிவாரணத்தை அப்படியே நீக்கிவிடும். பாக்கி என்று ஒரு பெருந்தொகை வந்து நிற்கும். இரண்டாவது, வங்கி வட்டி. வங்கி முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ்ஸைக் கழித்துக்கொண்டு, அந்த வட்டியை வருமானத்தில் காட்டாமல் விடுவது. வைப்புக்கு வங்கி பத்து சதவீதம் பிடித்துவிட்டால் வரி முடிந்துவிட்டது என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது; இருபது சதவீத வரம்பில் இருப்பவர் மீதிப் பத்தைத் தாமே கட்ட வேண்டும். மூன்றாவது, பிடித்த வரி, உங்கள் பெயரில் அரசுக்குச் சேர்ந்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் ஏறாமல் இருப்பது. நிர்வாகம் உங்கள் சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் இருந்தால், அந்தத் தொகையை உங்களிடம் நேரடியாக வசூலிக்க முடியாது என்று பிரிவு 205 சொல்கிறது. சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் இணைத்து மறுப்புத் தெரிவியுங்கள்.

பாக்கி சரிதான் என்றால் 30 நாளுக்குள் கட்டிவிடுவது நல்லது; அதன்பின் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி ஏறும். தவறு என்றால் பிரிவு 154இன் கீழ் திருத்தம் கோரலாம். உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டு வரை அதற்குக் கால அவகாசம் உண்டு. ஆனால் நான்கு ஆண்டு இருக்கிறதே என்று யாரும் காத்திருக்கக் கூடாது; பாக்கி அதுவரை உங்கள் பெயரில் நின்று, வரும் ரீஃபண்டுகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கும்.

விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. பிறகு ஏன் எனக்குக் கடிதம்?

வரி கிடையாது என்பது உண்மை. பிரிவு 10(1) அப்படித்தான் சொல்கிறது. சொல்லவே வேண்டியதில்லை என்று அதற்குப் பொருளல்ல. ஓய்வூதியம், சம்பளம் போன்ற வேறு வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டி, நிகர விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி விகிதத்தைத் தீர்மானிப்பதற்கு மட்டும் விவசாய வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 2024-25 நிதியாண்டில் புதிய வரி முறையில், கழிவுகள் போக ஓய்வூதிய வருமானம் 8,00,000, நெல்லில் நிகரமாக நின்றது 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்த 10,00,000க்கு வரி 50,000. விவசாய வருமானத்தோடு அடிப்படை வரம்பான 3,00,000ஐச் சேர்த்த 5,00,000க்கு வரி 10,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 40,000தான் வரி. நான்கு சதவீத மேல்வரியோடு 41,600. நெல்லைச் சொல்லாமல் விட்டிருந்தால் 31,200 வந்திருக்கும். இந்த 10,400 ரூபாய் வித்தியாசத்தைத்தான் கடிதம் கேட்கும். நெல்லுக்கு வரி போட்டுவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வது இதைத்தான்.

விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்தைப் பயன்படுத்த முடியாது. சம்பளமோ ஓய்வூதியமோ மட்டும் உள்ளவர் ஐடிஆர்-2இல் கொடுக்க வேண்டும். 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்றும் கேட்பார்கள். நம் ஊரில் மா, வேலி என்று சொல்லிப் பழகியவர்கள் மூன்று மா ஓர் ஏக்கர், ஒரு வேலி 20 மா என்று மாற்றி எழுத வேண்டும். ஒருவருக்கு ஓர் இணையச் சேவை மையத்தில் இருபது மாவை இருபது ஏக்கர் என்று பதிந்து கொடுத்துவிட்டார்கள். பட்டாவும் கணக்கும் ஒத்துப்போகாமல் போனதற்கு அதுவே காரணம்.

எவை விவசாய வருமானம் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வரும் நெல்லும் பணமும் விவசாய வருமானம்தான். டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் மற்றவர் வயலுக்கு வாடகைக்கு விடுவது தொழில் வருமானம். நாகப்பட்டினம் கடலோரத்து இறால் குட்டை, வேதாரண்யத்து உப்பளம், வீட்டுக் கொட்டிலில் கறக்கும் பால் ஆகியவையும் சட்டப்படி விவசாயம் ஆகா.

சம்பா நெல் பணத்தை வங்கியில் போட்டேன். அதைப் பற்றிக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஒரு நிதியாண்டில் ஒருவரின் சேமிப்புக் கணக்குகளில் மொத்தம் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தப்பட்டால், வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் முழுத்தொகையும் ஒவ்வொருவர் பெயரிலும் ஏறும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பணத்துக்காகக் கடிதம் வருவது இதனால்தான். பான் இல்லாதவர்கள் படிவம் 60 எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த விவரமும் துறைக்குப் போகிறது.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டவர்களுக்குச் சிரமம் இல்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பணத்தை வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. 40 கிலோ மூட்டை எத்தனை என்பதற்கும் ரசீது இருக்கிறது. சிக்கல் எல்லாம் தனியார் வியாபாரிக்குக் களத்துமேட்டிலேயே ரொக்கத்துக்கு விற்றவர்களுக்குத்தான். வாடகை லாரியில் நெல்லை ஏற்றிவிட்டு, துண்டுச் சீட்டு கூட இல்லாமல் நோட்டுக் கட்டை எண்ணி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மூலம் விளக்கப்படாத பணம் என்று துறை முடிவு செய்துவிட்டால், 1961 சட்டத்தின் பிரிவு 115பிபிஇ-யின் கீழ் மேல்வரிகளும் சேர்ந்து 78 சதவீதம் வரி விதிக்க இடம் இருக்கிறது. வரியே இல்லாத வருமானம், தாள் இல்லாத ஒரே காரணத்தால், சட்டத்தின் உச்ச வரியில் போய் விழும்.

பதிலோடு இணைக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, அந்தப் பசலிக்கு (வருவாய்த் துறையின் ஆண்டுக்கு) உரிய அடங்கல், குத்தகை நிலமென்றால் குத்தகைச் சீட்டு, நெல் விற்ற ரசீதுகள், உரக்கடைப் பில்லும் அறுவடை இயந்திர வாடகையும் போன்ற செலவுச் சான்றுகள், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால் அதன் பதிவு. அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் எந்தப் பயிரை எழுதியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். நீங்கள் சம்பா நெல் என்று சொல்ல, அடங்கலில் தரிசு என்று இருந்தால் பதில் நிற்காது. அறுவடை தை, மாசியில் முடிந்தாலும் பணம் சித்திரையில் கைக்கு வருவது உண்டு. அப்போது அறுவடை ஒரு நிதியாண்டிலும் வங்கிச் செலுத்தல் அடுத்த ஆண்டிலும் விழும். அதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

நிலத்தை விற்றேன். விவசாய நிலம்தானே, ஏன் மூலதன ஆதாயம் என்கிறார்கள்?

30 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கிரயத்தைச் சார்பதிவாளர் அலுவலகம் துறைக்குத் தெரிவிக்கும். விற்ற நிலம் சட்டப்படி 'கிராமப்புற விவசாய நிலமா' என்பதே கேள்வி. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி என எந்தப் பெயரில் இருந்தாலும், 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகர எல்லைக்குள் இருக்கும் நிலம் கிராமப்புறம் ஆகாது. எல்லைக்கு வெளியேயும் ஒரு தூரம் உண்டு. மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர். ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் மூன்றும் ஒரு லட்சத்தைத் தாண்டியவை; மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி தாண்டாதவை. ஆகவே கும்பகோணத்துக்கு 5 கிலோமீட்டரில் உள்ள வயலுக்கு ஆதாய வரி உண்டு. மன்னார்குடிக்கு அதே 5 கிலோமீட்டரில் உள்ள வயலுக்கு, அருகில் வேறு நகர எல்லை எதுவும் குறுக்கிடாவிட்டால், இல்லை.

தூரத்தை நேர்க்கோட்டில், காக்கை பறக்கிற வழியில் அளக்க வேண்டும். ஆற்றைச் சுற்றி, பாலம் ஏறிப் போகும் சாலைத் தூரம் செல்லாது. காவிரி, அரசலாறு, குடமுருட்டி என்று குறுக்கே ஓடும் இந்த ஊர்களில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. ஏழு கிலோமீட்டர் என்று பேருந்துக் கட்டணத்தை வைத்துச் சாதித்த ஒருவரின் வயல், அளந்தபோது ஐந்துக்கும் குறைவாக இருந்தது. வருவாய்த் துறையிடமிருந்து தூரச் சான்று வாங்கி இணைப்பதே உறுதியான வழி.

வரி உண்டு என்றே ஆனாலும் முழுக் கிரயத்துக்கும் அல்ல. பரம்பரை நிலமாக இருந்து, முன்னோர் 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால், அந்த நாளின் மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ பயிர் செய்த நிலமாக இருந்து, விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், பிரிவு 54பி-யின் கீழ் விலக்கு உண்டு. அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து விற்றால், கிரயத் தொகை முழுவதும் துறைக்கு உங்களைப் பற்றி வந்த தகவல்களை இணையதளத்தில் தொகுத்துக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையில், ஒவ்வொருவர் பெயரிலும் காட்டப்படலாம். அந்த அறிக்கையிலேயே கருத்துத் தெரிவிக்கும் இடத்தில் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று என்று பதியுங்கள், பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது பிரிவு 269எஸ்எஸ்-க்கு விரோதமானது. வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கலாம். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரிக்குரிய வருமானம் இல்லை என்றால் மட்டும் விதிவிலக்கு. ஓய்வூதியத்துக்கு வரி கட்டுகிறவருக்கு இந்த விலக்கு பொருந்தாது.

மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு நான் வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். பெற்ற பிள்ளை அனுப்பும் பணம் உறவினர் கொடுத்த அன்பளிப்பு. எவ்வளவானாலும் பெறுபவருக்கு வரி இல்லை. அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வரும் வட்டி உங்களுடைய வருமானம். அதற்கு வரி உண்டு. கடிதம் வந்தால், மகனின் வங்கியிலிருந்து பணம் வந்ததற்கான சான்று, கடவுச்சீட்டு நகல், அன்பளிப்பு என்று அவர் எழுதிய ஒரு கடிதம் ஆகியவை போதும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கங்களில் ஊருக்கு வரும் நண்பர் கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. அப்படி வந்த பணத்துக்கு மேற்சொன்ன சான்றுகளில் ஒன்றும் இருக்காது.

எனக்கு வர வேண்டிய ரீஃபண்டைப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

பிரிவு 245இன் கீழ் அது அனுமதிக்கப்பட்டது. ஆனால் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவித்து, 21 நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதற்குள், 'நிலுவைக் கோரிக்கைக்குப் பதில்' என்ற பகுதியில் பாக்கியை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் கழித்துக்கொள்வார்கள். மிகப் பழைய சிறு பாக்கிகளாக இருந்தால், 2024 இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, மதிப்பீட்டு ஆண்டு 2010-11 வரை 25,000 ரூபாய் வரையிலும், 2011-12 முதல் 2015-16 வரை 10,000 ரூபாய் வரையிலுமான கோரிக்கைகள், ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் என்ற உச்சவரம்புக்குள் நீக்கப்பட்டன. அந்த ஆண்டுகளைச் சேர்ந்த பாக்கி இன்னும் காட்டினால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

139(9) என்று வந்திருக்கிறது. 'குறைபாடுள்ள கணக்கு' என்றால் குற்றமா?

குற்றமில்லை. படிவம் மாறிப்போயிருக்கலாம், டிடிஎஸ் கோரிவிட்டு அதற்குரிய வருமானத்தைக் காட்டாமல் இருந்திருக்கலாம். 15 நாளுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். போதாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்கலாம். சும்மா இருந்துவிட்டால், நீங்கள் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

நோட்டீஸ் எதுவும் இல்லை. 'பெரிய பணப் பரிவர்த்தனை' என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

அது நினைவூட்டல். இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, அதில் இருப்பது உங்களுடையதுதானா என்று பாருங்கள். தவறென்றால் அங்கேயே மறுத்துப் பதியலாம். வருமானத்தை விட்டுவிட்டது உண்மையானால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை புதுப்பித்த கணக்குக் கொடுக்க வழி இருக்கிறது. முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று கூடுதல் வரி ஏறிக்கொண்டே போகும். நினைவூட்டல் வந்த கட்டத்திலேயே சரிசெய்துகொள்வதுதான் மலிவு.

எந்தக் கடிதத்துக்கு உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்?

142(1), 143(2), 148ஏ, 148 ஆகிய எண்களில் ஒன்று இருந்தால் தாமதிக்க வேண்டாம். 142(1) கணக்கையோ விவரங்களையோ கேட்பது. 143(2) உங்கள் கணக்கு ஆய்வுக்கு எடுக்கப்பட்டதைச் சொல்வது; கணக்குத் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் அது உங்களிடம் சேர்ந்திருக்க வேண்டும், பிந்தி வந்தால் அந்தத் தேதியே உங்களுக்கு ஒரு வாதம். 148ஏ என்பது, வருமானம் விடுபட்டதாகத் தெரிகிறது, ஏன் பழைய ஆண்டைத் திறக்கக் கூடாது என்று கேட்பது. இந்தக் கட்டத்தில் அடங்கலோடு ஒழுங்காகப் பதில் சொன்னவர்களின் விவகாரம் அங்கேயே முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் இருந்தவர்களுக்கு அடுத்து, அந்த ஆண்டைத் திறந்தே விடும் 148 வந்தது. 142(1), 143(2) நோட்டீஸ்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். அதிகாரி தமக்குச் சரியென்று பட்டபடி வருமானத்தை மதிப்பிட்டும் விடலாம். இந்த எண்களுக்கு மட்டும் தகுதியான பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் போகச் சொல்கிறேன். கணக்கு எழுதிக்கொடுக்கும் எல்லோரையும் 'ஆடிட்டர்' என்றே அழைப்பது நம் ஊர் வழக்கம் என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

திருப்பி அனுப்பவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் எண்கள் ஆகியவற்றைக் கொண்டு இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்து, அவருடைய கணக்கின் வழியே பதில் சொல்லுங்கள். அவர் வைத்துப்போன சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசின் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

தஞ்சாவூர் அலுவலகத்துக்கே நேரில் போய்ச் சொல்லிவிடலாமா?

போகலாம்; பான் எண் எந்த அதிகாரியின் வரம்பில் இருக்கிறது, பழைய கோரிக்கை ஏன் நீங்காமல் இருக்கிறது என்பவற்றுக்கு அது உதவும். ஆய்வு நோட்டீஸ்கள் இப்போது முகம் பாரா மதிப்பீட்டு முறையில் வருகின்றன. உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்று உள்ளூர் அலுவலகத்துக்கே தெரியாது. அங்கே கொடுத்த மனு உங்கள் பதிலாகக் கணக்கில் வராது. மின்னணு நடவடிக்கைகள் பகுதியில் ஏற்றினால்தான் பதில்.

எழுதும்போது, "ஐயா, நான் ஏழை விவசாயி, கருணை காட்ட வேண்டும்" என்று தொடங்காதீர்கள். அவர்கள் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, அதே வரிசையில் பதிலும் அதற்கான இணைப்பின் எண்ணும் கொடுங்கள். அடங்கலும் பத்திரமும் தமிழில் இருப்பதால், கோப்பைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம் என்பதை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆவணம், எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, என்ன பயிர் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி சுருக்கம் வையுங்கள்.

வீட்டு வரி, தொழில் வரி, கிஸ்தி (நிலவரி) நோட்டீஸ்களுக்கும் இதே வழிதானா?

இல்லை. வீட்டு வரியும் தொழில் வரியும் உள்ளாட்சிக்கு உரியவை. கிஸ்தி கிராம நிர்வாக அலுவலரிடம் செலுத்துவது. பான் எண்ணுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஜிஎஸ்டி நோட்டீஸ் தனித் துறையுடையது. அதற்குரிய இணையதளத்தில்தான் பதில்.

கெடு முடிந்துவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் இணையதளத்தில் பதில் பெட்டி இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் திறந்தே இருக்கும். இருந்தால் தாமதத்துக்கான காரணத்தை ஒரு வரியில் சொல்லி, உடனே ஏற்றிவிடுங்கள். மூடியிருந்தால் அடுத்த உத்தரவு வந்திருக்கும். அதற்குத் திருத்தமா மேல்முறையீடா என்று பார்க்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு ஆணையருக்கு உண்டு.

பதில் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை.

ஏற்றியபோது வந்த ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவே நீங்கள் பதில் சொன்னதற்குச் சாட்சி. மையச் செயலாக்க மையத்தை 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். பான் எண்ணும் மதிப்பீட்டு ஆண்டும் கையில் இருக்கட்டும். இணையதளத்தில் பதிந்துள்ள கைப்பேசி எண் உங்களுடையதுதானா என்பதையும் அதே வேகத்தில் பார்த்துவிடுங்கள். கணக்கு எழுதிக் கொடுத்தவர் தம்முடைய எண்ணையே பதிந்து வைத்திருந்ததால், அடுத்தடுத்து வந்த இரண்டு கடிதங்கள் அவருடைய கைப்பேசியிலேயே கிடந்த கதை சென்ற ஆண்டு மட்டும் என் மேசைக்கு நான்கு முறை வந்தது.